பொறி செய்யும் சிறார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





ஆண்டு விழாக்களிற் பேசுவோர் சமயம், ஒழுக்கம், கல்வி என்னும் பொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். பாடசாலை விட்டபின் மாலை வேளையிற் பிள்ளைகள் ஒன்றுகூடி, ரோபோ என்னும் தானியங்கிப் பொறிகளைத் தம் கையாற் செய்து பழகுவதும், அவற்றைக் கொண்டு போட்டிகளில் இறங்குவதும் இன்று பல நாடுகளிற் பரவியுள்ள வழக்கம். அவ்வழக்கம் நமது தேற்றாத்தீவுக்கு வேண்டுமா? வேண்டுமாயின் எவ்வாறு வேண்டும்? இவ்விரு வினாக்களையே உங்கள் முன் வைக்கின்றோம். பொருள் புதிதேயாயினும், பேச்சு கல்வியையும் ஒழுக்கத்தையும் பற்றியதே என்பதை முடிவில் நீங்களே காண்பீர்கள்.

முதலில் ரோபோ என்பது யாது? செக் நாட்டு ஆசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்திலேதான் இச்சொல் முதன்முதல் வழங்கிற்று. அவர் மொழியிற் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து அது பிறந்தது. சினிமாவிற் காணும் இரும்பு மனிதனை நினைந்து மருள வேண்டுவதில்லை. எந்தப் பொறி தன் சூழலை உணர்ந்து, உணர்ந்ததைக் கொண்டு இன்னது செய்வதென முடிவுசெய்து, அம்முடிவைத் தானே செய்துமுடிக்கின்றதோ அது ரோபோ. உணர்தல், முடிவுசெய்தல், செய்தல் ஆகிய இம்மூன்றும் ஒரு பொறியிற் பொருந்தினாற் போதும். அது மனித வடிவில் இருக்க வேண்டுவதில்லை. சோப்புப் பெட்டி அளவில் இரண்டு சில்லுகளோடும் இருக்கலாம்.

நமது பிள்ளைகள் பொறி செய்யத் தெரியாதவர்களா? குரும்பட்டியிலே தேர் கட்டியவர்கள் யார்? ஓலையிலே காத்தாடி செய்து கடற்காற்றிலே சுழலவிட்டவர்கள் யார்? பழைய தகரப்பேணிக்குச் சில்லுப் பூட்டி, தெருவெல்லாம் இழுத்துத் திரிந்தவர்கள் யார்? இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே அன்றோ! அக்காலத்துச் சிறுவன் கையில் ஓலையும் ஈர்க்கும் இருந்தன. இக்காலத்துச் சிறுவன் கையிற் கைத்தொலைபேசி இருக்கின்றது. ஓலையை அவன் பாட்டன் பிரித்தான், மடித்தான், முடைந்தான். கைத்தொலைபேசியை இவன் தடவுகின்றான், அவ்வளவே. முன்னவன் செய்பவனாக இருந்தான். இவன் வாங்குபவனாக மட்டும் இருக்கின்றான். இவ்விடைவெளியே எம்மைக் கவலைகொள்ளச் செய்வது.

ரோபோப் பயிற்சியிற் பிள்ளை என்ன கற்கின்றான் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தொடக்கநிலையிலுள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எல்லா இடங்களிலும் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. வெள்ளைத் தளத்திலே கறுப்பு நாடா ஒன்றை வளைத்தும் நெளித்தும் ஒட்டிவிடுவார்கள். அக்கோட்டை விட்டு விலகாமற் செல்லும் ஒரு சிறு வண்டியைப் பிள்ளை செய்தல் வேண்டும். வண்டியின் அடியிலே, கோட்டின் இருபுறமும் அமையுமாறு இரண்டு உணரிகள் இருக்கும். அவை கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரைத் தளத்தில் வீசும். வெள்ளை அக்கதிரைத் திருப்பி அனுப்பும்; கறுப்பு விழுங்கிவிடும். இடப்பக்கத்து உணரிக்குக் கதிர் திரும்பி வரவில்லையாயின், கோடு இடப்பக்கம் வந்துவிட்டது, வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்பது பொருள். உடனே இடச் சில்லை மெதுவாக்கி வலச் சில்லை ஓடவிட்டால், வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டின்மேல் வந்து நிற்கும். இவ்வளவையும் நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு மின்பலகைக்குப் படிப்படியாகச் சொல்லிவைப்பது பிள்ளையின் வேலை.

சொல்லும்போது எளிது. செய்யும்போது முதல் நாளில் வண்டி ஓடாது. ஓடினால் வட்டமடிக்கும். இரண்டு சில்லும் ஒரே வேகத்திற் சுழலா. மின்கலம் இளைத்தால் நேற்று எழுதிய கணக்கு இன்று பிழைக்கும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மாலையிற் சாளரத்தருகே தடுமாறும். காரணம் யாதெனில், வெயிலிலும் செங்கீழ்க் கதிர் உண்டு. அது உணரியை மயக்கிவிடும். இதனைப் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லிவிடலாம். சொல்லாது விட்டால் அவன் சாளரத்தைச் சாத்திப் பார்ப்பான், இடத்தை மாற்றிப் பார்ப்பான், மூன்றாம் நாள் தானே கண்டுபிடிப்பான். தானே கண்ட ஒன்றை அவன் ஆயுளுக்கும் மறவான்.

தேற்றா மரத்தினாற் பெயர் பெற்றது நமது ஊர் என்பர். தேற்றாங்கொட்டையை மட்கலத்தின் உட்புறத்திலே தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், மண் அடியிற் படிந்து நீர் தெளியும் என்பதை நம் பெரியோர் அறிவர். தேய்த்தவுடன் தெளிவதில்லை, பொறுத்திருத்தல் வேண்டும். பிழை எங்கே என்று தேடும் பிள்ளையின் மனமும் அவ்வாறே தெளிகின்றது. வண்டி ஓடாதபோது அவன் வண்டியை வையவும் முடியாது. வண்டியிடம் பொய் சொல்லவும் முடியாது. பரீட்சைத் தாளிலே மனனம் செய்ததை எழுதிப் புள்ளி பெறலாம். மனனம் செய்தவன் என்பதற்காக எந்தப் பொறியும் ஓடியதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதன் உண்மையைப் பிள்ளை இங்கே கைகண்டு உணர்கின்றான்.

இக்கல்வி முறை எங்கிருந்து வந்தது? தென்னாபிரிக்காவிற் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்திற் பணியாற்றிய சீமோர் பப்பேர்ட் என்னும் கணித அறிஞர், 1960களின் பிற்பகுதியிலேயே பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகுவதற்கென ஒரு மொழியைத் தம் தோழர்களுடன் ஆக்கினார். அக்கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை போன்ற பொறியும் அவர்களிடம் இருந்தது. பிழை என்பது வெட்கப்படுதற்குரியதன்று, திருத்திப் பார்த்தற்குரியது என்பதே அவர் கொள்கையின் சாரம். 1980இல் அவர் எழுதிய நூலின் பெயரையே டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998இல் தன் ரோபோப் பெட்டிக்குச் சூட்டியது.

போட்டிகளை எடுத்துக்கொண்டால், டீன் கேமன் என்னும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989இல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை நிறுவினார். 1992இல் ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் 28 அணிகளோடு அதன் முதற்போட்டி நடந்தது. பின்னர் லெகோ நிறுவனத்துடன் சேர்ந்து சிறுவர்க்கான போட்டியையும் தொடங்கினர். ஆசியாவிலே 2004இல் உலக ரோபோ ஒலிம்பியாட் சிங்கப்பூரில் தொடங்கிற்று; 2016இல் அதன் இறுதிப் போட்டி புதுடில்லியில் நடந்தது. இந்திய அரசு 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகம் என்ற பெயரிற் பதினாயிரம் பாடசாலைகளிற் செய்முறைக் கூடங்களை அமைத்துள்ளது. கேரள அரசு 2018இல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணாக்கர் கழகங்களைத் தொடங்கி, 2025-26 கல்வியாண்டிலே பத்தாம் வகுப்பு மாணாக்கர் அனைவர்க்கும் ரோபோக் கல்வியைப் பாடமாக்கிற்று. கேரளம் செல்வத்தால் அன்று, முயற்சியால் இதைச் செய்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இனி, போட்டியைப் பற்றி ஓர் உண்மைக் கதையைச் சொல்வோம். வாவிக்கரையில் வாழும் நமக்கு அது பொருந்தும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே பீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியிற் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பாடசாலை உள்ளது. ஏழைகள் மிகுந்த பகுதி. அங்குப் படித்த நான்கு மாணவர்கள் மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குடியுரிமைப் பத்திரமும் அவர்களிடம் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் பாடசாலை நேரத்திற்குப் பின் அவர்களைக் கூட்டி, நீரின் அடியிலே செல்லும் ரோபோ ஒன்றைச் செய்வித்தார்கள். உடலாக அமைந்தவை நாம் கிணற்று நீர்க் குழாய்க்கு வாங்கும் பி.வி.சி. குழாய்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 800 டொலர். 2004இல் கலிபோர்னியாவில் நடந்த போட்டிக்கு அதனை எடுத்துச் சென்று, பல்கலைக்கழக அணிகள் இறங்கும் மேற்பிரிவிலேயே பெயர் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் தோற்பதில் வெட்கமில்லை என்பது அவர்கள் எண்ணம்.

போட்டி இடத்திற்குச் சென்றபின் மின்கருவிகள் வைத்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. வயர்களின் பற்றாசும் விட்டுப்போயிற்று. இரவு முழுவதும் விழித்திருந்து பற்றாசு வைத்தார்கள். கசிவை நிறுத்த வழி தெரியவில்லை. ஆகவே கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ளுமாறு கடையிலே உறிஞ்சு பஞ்சு வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாள் அவர்களின் பொறி நீச்சற்குளத்தின் அடியில் வைத்திருந்த மாதிரிக் கப்பலை ஆராய்ந்தது, அளந்தது, திரவ மாதிரி எடுத்து வந்தது. முடிவு கூறியபோது அந்நான்கு பிள்ளைகளே முதலிடம் பெற்றார்கள். பதினாயிரம் டொலருக்குமேற் செலவிட்டுப் பொறி செய்த எம்.ஐ.டி. அணி அவர்களுக்குப் பின்னே நின்றது. நடுவர்கள் பொறியின் ஓட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளை அழைத்து, இதை ஏன் இவ்வாறு செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு அப்பிள்ளைகள் தடுமாறாமல் விடை சொன்னார்கள்.

இக்கதையின் பிற்பகுதியையும் மறைத்தல் ஆகாது. வெற்றிக்குப் பின்னும் பத்திரமில்லாத அப்பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவு எளிதில் திறக்கவில்லை. பதக்கம் எல்லாக் கதவையும் திறக்கும் சாவியன்று. ஆயினும் கையிற் பெற்ற திறனையும், நம்மாலும் முடியும் என்ற நெஞ்சுரத்தையும் ஒருவராலும் அவர்களிடமிருந்து பறிக்க முடியவில்லை.

தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. 2017இல் வாஷிங்டனில் உலக நாடுகளின் இளைஞர்க்கான ரோபோப் போட்டி நடந்தபோது, ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு சிறுமிகள் அதற்கு ஆயத்தமானார்கள். அமெரிக்கா செல்ல அவர்களுக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த குரலின் பின்னர் இறுதி நேரத்தில் அனுமதி கிடைத்தது, சென்றார்கள், துணிவுமிக்க சாதனைக்காக வெள்ளிப் பதக்கமும் பெற்றார்கள். 2020இல் கொரோனா நோய் பரவிய வேளையில், அவ்வணியினர் பழைய மோட்டார் வாகன உறுப்புகளைக் கொண்டு குறைந்த செலவிற் செயற்கைச் சுவாசக் கருவி செய்ய முயன்றார்கள். பெண்பிள்ளைக்குப் பொறி எதற்கு என்று கேட்போர் அச்சிறுமிகளை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி நமது நிலையைப் பார்ப்போம். இலங்கையிலும் இத்துறை இல்லாமல் இல்லை. 2013இல் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு தொடங்கிற்று. மாலபேயிலுள்ள எஸ்.எல்.ஐ.ஐ.டி. நிறுவனம் பாடசாலை மாணாக்கரும் பங்குகொள்ளும் ரோபோஃபெஸ்ட் போட்டியை நடத்தி வந்துள்ளது. இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு சஹசக் நிமவும் என்ற கண்டுபிடிப்புப் போட்டியை நடத்தி வந்துள்ளது. நமக்கு அண்மையில் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. மட்டக்களப்பு நகரில் ட்ரீம்ஸ்பேஸ் அக்கடமி என்னும் நிலையம் நம் பகுதி இளைஞர்க்குப் புத்தாக்கப் பயிற்சி அளித்து வந்துள்ளது. ஆகவே வழிகாட்டுவோர் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

இல்லாதவை எவை? முதலாவது, நேரம். நம் பிள்ளைகளின் மாலைப் பொழுது முழுவதும் ரியூசன் வகுப்புக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரையில், ஒரு வாங்கிலிருந்து எழுந்து இன்னொரு வாங்கில் அமர்வதே அவர்கள் வாழ்வு. இரண்டாவது, பொருள். வெளிநாட்டு ரோபோப் பெட்டி ஒன்றின் விலை இலட்சம் ரூபாவை எட்டும். 2022இல் நம் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்கள் எல்லாம் எட்டாக் கொம்பின. மூன்றாவது, மொழி. பொறியை விளக்கும் ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கூரிய புத்தியுள்ள பிள்ளை பொறியின் வாயிலில் நிற்கவில்லை. மொழியின் வாயிலில் நின்றுவிடுகின்றான்.

பணமுள்ள நகரங்களில் இக்குறைகளைப் பணம் தீர்த்துவிடும். அங்கே ரோபோ வகுப்பும் இன்னொரு ரியூசனாக மாறத் தொடங்கியுள்ளது. பணம் கட்டிய பிள்ளைக்குப் பயிற்சி, கட்டாத பிள்ளைக்கு வேடிக்கை என்றால், புதிய கல்வியும் பழைய மேடு பள்ளத்தையே வளர்க்கும். நமது ஊரிலே இதனைத் தனியார் ஒருவர் தொடங்குமுன் சங்கம் தொடங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் ஆராய்வோம். மறைத்துப் பேசுவது பெரியோர் கூடிய அவைக்கு அழகன்று.

பரீட்சைக்குக் கேடு வரும் என்பர். வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இவ்வளவே நாம் கேட்பது. கோணமும் விகிதமும் மின்னோட்டமும் பாடநூலில் உள்ளவையே. அவற்றைக் கையாற் செய்து பார்த்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் அஞ்சமாட்டான்.

இயந்திரம் வந்தால் மனிதர்க்கு வேலை இல்லாமற் போகும் என்பர். இவ்வச்சம் வீணானதன்று. நம் வயல்களிலே அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவாளோடு சென்றோர் எத்தனை பேர் வேலையின்றி நின்றார்கள் என்பதை நாம் கண்டோம். ஆனால் நாம் தடுத்தால் இயந்திரம் வராது நிற்குமா? வரத்தான் போகின்றது. அது வரும்போது அதனை விளங்கிக்கொண்டவனாகவும் திருத்தத் தெரிந்தவனாகவும் நம் பிள்ளை நிற்பானா, கைகட்டி வழிவிட்டு நிற்பானா என்பதே கேள்வி.

போட்டி பொறாமையை வளர்க்கும் என்பர். இதுவே நாம் மிகவும் கருதத்தக்கது. வெற்றிக்கிண்ணத்தின் மீது ஆசை மிகுந்தால், ஆசிரியரே பொறியைச் செய்துகொடுப்பார்; பிள்ளை அதைத் தூக்கிச் செல்வான். பின்னர், கெட்டிக்காரப் பிள்ளைகள் நால்வரைத் தெரிந்தெடுத்து மற்ற நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தகைய போட்டி நமக்கு வேண்டாம். நல்ல போட்டிகளிலே இதற்கு மாற்று வைத்திருக்கின்றார்கள். லெகோப் போட்டியிலே ரோபோவின் ஓட்டம் இரண்டரை நிமிடம். ஆயினும் மதிப்பீட்டில் அதற்கு ஒரு பங்கே. பொறியை அமைத்த விதம், ஊரின் குறையொன்றை ஆராய்ந்து தீர்வு கண்ட முயற்சி, அணியினர் ஒருவரோடொருவர் நடந்துகொண்ட பண்பு ஆகியனவும் மதிப்பிடப்படும். மூத்த மாணாக்கரின் போட்டியிலே மூன்று அணிகள் கூட்டுச் சேர்ந்து வேறு மூன்று அணிகளோடு மோதும். இந்த ஆட்டத்தில் எதிரணியாக நின்றவர் அடுத்த ஆட்டத்திற் கூட்டாளியாக வருவர். ஆகவே பகைவனின் பொறி பழுதானாற் சிரிப்பவன் அங்கே மூடனாவான். தன் பெட்டியிலிருந்து ஆணி எடுத்துக் கொடுப்பவனே அறிவுடையோன். போட்டியை இவ்வாறு நடத்தினால், அதுவே ஒழுக்கப் பயிற்சியும் ஆகும்.

விஞ்ஞானம் நமக்கு அந்நியம் என்று எண்ணுவோர் சுவாமி விபுலாநந்தரை நினைத்தல் வேண்டும். காரைதீவிலே 1892இல் தோன்றிய அப்பெரியார் தமிழ்ப் பேராசிரியராக மட்டுமே நம் நினைவில் நிற்கின்றார். அவர் விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். மறைந்துபோன யாழ்க் கருவியைப் பற்றிப் பலர் பாராட்டிப் பேசினார்கள்; அவரோ நரம்பின் அளவையும் சுருதியின் விகிதத்தையும் கணக்கிட்டு, அக்கருவி எவ்வாறு அமைந்திருக்கும் என்று ஆராய்ந்தார். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1947இல் யாழ் நூல் வெளிவந்தது. பழம்பெருமை பேசுவதற்கும் பழம்பொருளை அளந்து அறிவதற்கும் உள்ள வேற்றுமையை அவர் நமக்குக் காட்டிச் சென்றார். அவர் வளர்த்த கல்வி மரபு கல்லடியிலே நமக்கு அருகில் இருக்கும்போது, அளவுகோலும் கணக்கும் நமக்கு அந்நியம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, செய்யத்தக்கவை யாவை என்று சொல்லுவோம்.

முதலாவதாக, சங்கத்தில் ஓர் அறையை வாரத்தில் இரண்டு மாலைகள் இதற்கென ஒதுக்குதல் வேண்டும். நீண்ட மேசை ஒன்று, நல்ல வெளிச்சம், மின்னிணைப்பு, பூட்டக்கூடிய அலுமாரி ஆகியவை போதும். வெளிநாட்டுப் பெட்டி வேண்டுவதில்லை. 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயீனோ என்னும் மின்பலகையின் அமைப்பு எவரும் எடுத்துச் செய்யுமாறு வெளியிடப்பட்டதாகையால், அது போன்ற பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஐந்து பலகைகளைச் சங்கம் வாங்கினால், பதினைந்து பிள்ளைகள் மூவர் மூவராகப் பழகலாம். பழைய அச்சுப்பொறியிலும் பழைய விளையாட்டுக் காரிலும் மோட்டரும் பற்சில்லும் உள்ளன. வெளியூரில் உழைக்கும் நம் உறவினர் ஊருக்கு வரும்போது, கோயிலுக்கும் கழகத்துக்கும் கொடுப்பதில் ஒரு சிறுபங்கை இதற்கும் கொடுக்கலாம்.

இரண்டாவதாக, ஆசிரியர் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். தொழில்நுட்பப் பாட ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். விடுமுறைக்கு வரும் பல்கலைக்கழக மாணாக்கர் இருக்கின்றார்கள். கைத்தொலைபேசி திருத்துபவரும், மோட்டார் சைக்கிள் திருத்துபவரும், தச்சரும் இருக்கின்றார்கள். பட்டம் பெற்ற பொறியியலாளர் அறியாத பல நுணுக்கங்கள் அவர்கள் விரல்நுனியில் உள்ளன. அவர்களை அழைத்துப் பிள்ளைகளின் முன்னே ஆசிரியர் ஆசனத்தில் இருத்துவோமானால், கைத்தொழிலுக்கு ஊரிலே மதிப்பும் உயரும். ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனம் சாத்துகின்றோம். அக்கருவிகளைப் பிடிக்கும் கைகளையும் போற்றக் கற்றல் வேண்டும்.

மூன்றாவதாக, தமிழிற் குறிப்பேடு ஒன்று எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு மாலையும் செய்தது என்ன, பிழைத்தது என்ன, திருந்தியது எவ்வாறு என்று பிள்ளைகளே எழுதிவைக்கட்டும். ஓராண்டில் அதுவே நம் ஊரின் முதல் ரோபோப் பாடநூலாகும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளை மொழியின் வாயிலில் நிற்க வேண்டிவராது.

நான்காவதாக, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் வேலை நம் மண்ணின் வேலையாக இருக்கட்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். நமது கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்பது குடிநீருக்கும் வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் உயிர்க் கேள்வி. உப்பு மிகுந்த நீரில் மின் எளிதிற் பாயும். துருப்பிடியாத உருக்குக் கம்பிகள் இரண்டை நீரில் இட்டு, பாயும் மின்னை அளந்தால், உப்பின் அளவை மதிப்பிடலாம். ஒரு லீற்றர் நீருக்கு இத்தனை கிராம் உப்பு என்று முன்னரே கரைத்துவைத்த நீர்களோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிபார்த்தல் வேண்டும். மின்னைத் தொடர்ந்து பாயவிட்டாற் கம்பி அரிக்கும். ஆகவே கணநேரம் பாய்ச்சி அளக்க வேண்டும். இவையெல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுபவையே. மாதத்துக்கு ஒருமுறை ஊர்க் கிணறுகளை அளந்து, மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்று சுவரிலே எழுதிவைத்தால், கமக்காரர் அதைப் பார்த்து நீர் இறைப்பார்கள். அதன்பின் வெற்றிலைத் தோட்டத்து மண்ணின் ஈரத்தை உணர்ந்து தானே நீர் திறக்கும் பொறி. அதன்பின் வாவியில் மிதந்து சென்று நீரை அளக்கும் சிறு தோணி. வேலை ஒன்றிலிருந்து ஒன்றாக வளரும்.

ஐந்தாவதாக, கொழும்புக்குச் செல்லுமுன் அயலூரோடு போட்டியிடுவோம். களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம் ஆகிய ஊர்களின் பிள்ளைகளை அழைப்போம். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்கள் நம்மிலும் குறைந்த வசதியோடு படிக்கின்றவர்கள். காத்தான்குடியிலிருந்து முஸ்லிம் பிள்ளைகளையும் அழைப்போம். ஊரிலுள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் நமது அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். கலந்த அணிகளாகப் பிரித்துவிடுவோம். ஒரு மின்பலகையின் முன்னே மூன்று தலைகள் குனிந்திருக்கும்போது, பிழை எங்கே என்பதையன்றி வேறொன்றையும் அத்தலைகள் நினையா. இப்பகுதி கண்ட துயரங்களை அறிந்த பெரியோர்க்கு இதன் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். வருகின்ற எந்தப் பிள்ளையையும் கெட்டிக்காரன் அல்லன் என்று திருப்பி அனுப்புவதில்லை, கட்டணம் பெறுவதில்லை, பெண்பிள்ளைகள் பாதிக்குக் குறைவாக இருப்பதில்லை. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர்வதற்கு நேரத்தை அமைத்து, தாய்மார் இருவர் முறைவைத்து உடனிருந்தால் யாருக்கும் கவலை இராது. போட்டியில் வெற்றி கிடைத்தால் மகிழ்வோம். கிடையாவிடினும், எத்தனை பிள்ளைகள் ஆண்டு முடிவுவரை வந்தார்கள் என்பதையே நமது வெற்றியின் கணக்காகக் கொள்வோம்.

இளைஞர்களே, இது ஒரு பேச்சாளன் சொல்லிப் போகும் நற்செய்தி மாத்திரமாக முடிந்துவிடக் கூடாது. அறை ஒன்று, மேசை ஒன்று, ஐந்து மின்பலகைகள், வாரத்தில் இரண்டு மாலைகள். இவற்றுள் எது நமது சக்திக்கு மேற்பட்டது? அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் பொறியைக் கழற்றிப் போட்டுவிட்டு விழிக்கும்போது கண்டிக்காதீர்கள், பூட்டும்வரை பொறுத்திருங்கள். குரும்பட்டித் தேர் கட்டிய கைகளின் பேரர்கள் அவர்கள்.